பாசிக்காரன் தூக்கினால்

பேய்ப்படம் எடுக்கப் போனவளுக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். பேயைப் பார்த்து ஒருத்தருக்கும் பயம் வரவில்லை. வராதது மட்டுமா, பேய் தூக்கிக்கொண்டு போன பெண் பேயின் கையிலேயே தூங்கிப்போனாள். லேசாகக் குறட்டை வேறு.

எல்லோரும் டைரக்டரம்மா என்று கூப்பிட்டாலும், அவள் டைரக்டராகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலையில் நரை எட்டிப் பார்க்கும் வரைக்கும் உதவி டைரக்டர்தான். அடுத்தவர் எடுக்கிற சீரியலில் மாமியார் அழும் நேரம் பார்த்துக் கண்ணில் கிளிசரின் விடுவது, மருமகள் போன காட்சியில் எந்தக் கம்மல் போட்டிருந்தாள் என்று ஞாபகம் வைத்திருப்பது, கதாநாயகன் கோபித்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் கண்ணாடியைத் தட்டிக் கெஞ்சுவது, இதுதான் பிழைப்பு. இந்த வருஷம் சேனல்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பேய்ப்படம் போட்டால் என்ன என்று தோன்றியது. கொடுத்த பணமும் கொஞ்சம், கொடுத்த நாளும் கொஞ்சம். பெரிய டைரக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். இவள்தான் முன்னால் போய், நான் பண்றேன் சார் என்று நின்றாள்.

அந்த சேனலில் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தலைவர் ஒருவர் இருந்தார். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் இங்கே வெட்டு, அங்கே வெட்டு என்பார். அதனால் அவருக்குக் கத்தரி என்று பெயர், அவர் காதுக்குப் போகாத பெயர். கத்தரி அவளை மேலும் கீழும் பார்த்தார். படம் நன்றாக வந்தால் இனிமேல் வெள்ளிக்கிழமை எல்லாம் உன்னுடையது, சொதப்பினால் திரும்பிப் போய்க் கம்மலைப் பார்த்துக்கொள், டைரக்டர் என்ற பேச்சோடு இந்தப் படியை மறுபடி ஏறக்கூடாது என்றார். அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். வாழ்க்கையில் ஒரு தடவைதான் கதவு திறக்கும், அதுவும் ஒருச்சாய்த்துத்தான் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பாசிக்காரன் கதையை அவளே தேர்ந்தெடுத்தாள். பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் போகாமல் இருக்கப் பெரியவர்கள் சொல்லும் கதை அது. பழைய குளத்தின் அடியில் கிடப்பான், உடம்பெல்லாம் பாசி, கண் இரண்டும் மினுக் மினுக்கென்று எரியும். தனியாக வருகிறவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வான் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. கேட்டால், பேசாமல் தூங்கு என்பார்கள்.

குளத்துக்கு எங்கே போவது? ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு நீச்சல் குளத்தைப் பிடித்தார்கள். ஓடுகள் பெயர்ந்து, அடியில் முழங்கால் தண்ணீர் தேங்கி, பாசி மட்டும் அசல். உடை மாற்றும் அறையில் கதாநாயகிக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை. ராத்திரிக் காட்சிகளையெல்லாம் பட்டப்பகலிலேயே எடுத்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டரில் நீலமாக்கிக்கொள்வது என்று ஏற்பாடு. ராத்திரி எடுத்தால் விளக்கு வேண்டும், விளக்குக்கு ஜெனரேட்டர் வேண்டும், அதற்கெல்லாம் வழி கிடையாது.

பாசிக்காரனின் உடுப்பைத் தைத்த டெய்லரைச் சும்மா சொல்லக் கூடாது. படுக்கை ஸ்பாஞ்சு, மீன்வலை, பிய்ந்த பச்சைக் கம்பளி, இவ்வளவையும் பசையால் ஒட்டி, கண்ணுக்கு இரண்டு சின்ன பல்பு வைத்து, பேட்டரியை இடுப்பில் செருகிக் கொடுத்திருந்தார். ஒரே குறை, முதுகில் ஜிப். அதனால் பாசிக்காரன் கேமராவுக்கு முதுகைக் காட்டக் கூடாது. போகும்போதும் முன்பக்கம் காட்டியபடியேதான் போக வேண்டும்.

அந்த உடுப்பை ஒரு ஜிம் மாஸ்டருக்கு அளவெடுத்துத் தைத்திருந்தார்கள். ஆள் வாசல் உயரம். ஒரே நாள் போட்டார். உடம்பெல்லாம் அரிப்பு. மறுநாள் காலையில் முகம் தெரிகிற விளம்பரம் ஒன்று கிடைத்துவிட்டது என்று அம்போவென்று விட்டுவிட்டுப் போய்விட்டார். லைட்மேனை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். ஸ்பாஞ்சு முழங்காலில் மடிந்து, காய்ச்சல்காரன் போர்வையைச் சுற்றிக்கொண்டு கக்கூஸுக்குப் போகிற மாதிரி இருந்தது. புது உடுப்பு தைக்க வழியில்லை. அப்போதுதான் டைரக்டரம்மாவுக்கு அவளுடைய அண்ணன் ஞாபகம் வந்தது.

அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலை. ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, இன்னும் வார்டு பாய் என்றுதான் பதவியின் பெயர். கூட வேலை செய்கிறவர்கள் ஏணி என்பார்கள். விட்டத்தில் பல்பு மாற்ற வேண்டுமா, அலமாரி உச்சியில் மருந்துப்பெட்டி இருக்கிறதா, கூப்பிடு ஏணியை. அவரும் முகம் சுளிக்காமல் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். யாராவது வரிசையில் முந்திக்கொண்டால் வழிவிடுவார். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். தங்கையை இந்த வயதிலும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "லீவு சொல்லிட்டு வரேன் பாப்பா" என்றார், அவ்வளவுதான். பின்னாலிருந்து அண்ணியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. அண்ணி உயரத்தில் அண்ணனுக்குப் பாதி, வாயில் ரெண்டு மடங்கு. பேச்சே இல்லாத வேஷமா, அப்படியானால் உங்க அண்ணனை விட்டால் உலகத்தில் ஆளே கிடையாது என்றாள்.

உடுப்பு அண்ணனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. கண்ணில் பல்பு எரிய, குளத்துக்குள்ளிருந்து அவர் எழுந்து வந்தபோது யூனிட்டே கைதட்டியது. டைரக்டரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் அவர் கதாநாயகியைத் தூக்கும் வரைக்கும்தான்.

முதலில், தூக்குவதற்கு முன்னால் அவர் சொல்லிவிட்டுத் தூக்கினார். பயப்படாதீங்கம்மா, தூக்கப் போறேன் என்று முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. கட் சொன்னாள். அடுத்தது, ஒரு கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்து, தலை தொங்காமல் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கட். அப்புறம், கால் வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் தரையைக் காலால் தடவிப் பார்த்தார். வாசலில் நுழையும்போது அவளுடைய தலை இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பினார். அப்படித் திரும்பினதில் ஜிப் பளிச்சென்று தெரிந்தது. கட், கட். கதாநாயகி பாவம், காலையில் ஒரு சீரியல், மத்தியானம் ஒரு சீரியல், நடுவில் இந்தப் படம் என்று கண்ணில் தூக்கமே இல்லாத பிறவி. இந்தக் கைக்குள் வந்ததும் அவளுக்குக் கண் சொருகிவிட்டது. வீல் என்று அலற வேண்டிய இடத்தில் வாயைச் சப்புக்கொட்டினாள். கேமராமேன் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, மேடம், பொண்ணு கனவு காணுது என்றார்.

டைரக்டரம்மா சொல்லிப் பார்த்தாள். நடித்துக் காட்டினாள். மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கு, வேண்டாத சாமானைப் போடுகிற மாதிரி போடு என்று தலையணையை வைத்துச் செய்து காட்டினாள். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் சரி பாப்பா, சரி பாப்பா என்று தலையாட்டிவிட்டுப் போய், திரும்பவும் அதையே செய்தார். கதையின் கடைசிக் காட்சி, பாசிக்காரன் அந்தப் பெண்ணைக் குளத்தடிக்குக் கொண்டுபோய்க் கல்லின்மேல் போட வேண்டும். அவர் போடவில்லை, வைத்தார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, மறுநாள் கதாநாயகி கிடைக்க மாட்டாள், குளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டைரக்டரம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"உனக்கு ஒரு ஈ எறும்பைக்கூட மிரட்டத் தெரியாது. அதனாலதான் ஊரே உன் தலைமேல ஏறி நடக்குது. உன்னைக் கூப்பிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். போ, போய் உன் வண்டியையே தள்ளு."

அத்தனை பேர் முன்னால் சொன்னாள். முகமூடியில் பல்பு ரெண்டும் அவளைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தன. உள்ளே முகம் என்ன ஆனது என்று யாருக்குத் தெரியும்? அண்ணன் மிச்சமிருந்த ஷாட்டுகளைச் செய்து கொடுத்தார். உடுப்பைக் கழற்றி, ஈரம் காய்கிற மாதிரி கம்பியில் விரித்துப் போட்டார். டீ கொடுத்த பையனிடம் வேண்டாம்ப்பா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அவள் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் போய்க் கூப்பிட வேண்டியிருக்கும்.

எடிட்டிங் ரூமில் இருந்த எடிட்டர், வேர்க்கடலை தின்றுகொண்டே படத்தை வெட்டி ஒட்டுகிறவர். திரையில் எத்தனையோ சாவைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன மனுஷன். இவளோடு பத்துப் பன்னிரண்டு சீரியல் பார்த்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். கடைசிக் காட்சி ஓடியது. பச்சையாக ஒரு பெரிய உருவம் குனிந்து, தூங்குகிற பெண்ணைக் கல்லின்மேல் மெதுவாக வைக்கிறது. கழுத்துக்கு அடியிலிருந்து கையை ஒரேயடியாக எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உருவுகிறது. முகத்தில் விழுந்த முடியை ஒதுக்குகிறது. கால் ரெண்டையும் சேர்த்து நேராக்குகிறது. ஏறியிருந்த பாவாடையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிடுகிறது. வலது கை, அப்புறம் இடது கை, உடம்போடு ஒட்டி வைக்கிறது. ஏற்கெனவே மூடியிருந்த இமைகளின் மேல் ரெண்டு விரலை வைத்து, மேலிருந்து கீழாகத் தடவிவிடுகிறது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது.

எடிட்டர் மெல்லுவதை நிறுத்தினார். "அக்கா, இந்தப் பொண்ணு செத்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை, அசதியில் தூங்குகிறாள் என்று அவள் சொன்னாள். அப்படியானால் இந்த ஆள் ஏன் செத்தவர்களை வைக்கிற மாதிரி வைக்கிறார் என்று கேட்டுவிட்டு அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். மயிர் குத்திட்டு நின்றது.

அவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. அவர்களுடைய அம்மா போன வருஷம் அண்ணனின் ஆஸ்பத்திரியில்தான் போனாள். இவள் அப்போது எங்கோ மலைமேல் ஒரு சீரியல் கல்யாணத்துக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். வண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த மாதிரி படுத்திருந்தாள். முடி ஒதுக்கி, கை கால் நேராக, சேலை நலுங்காமல். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் அப்படித்தான் வைப்பார்கள் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். யார் வைத்தது என்று கேட்கத் தோன்றவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. இன்றைக்கு, இந்த வேர்க்கடலைத் தோல் சிதறிக்கிடக்கும் அறையில், பச்சை ஸ்பாஞ்சுக் கையில் அவள் அதைப் பார்த்தாள். எடிட்டர் பக்கத்தில் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

இதற்குப் பிறகாவது அவள் நேராக அண்ணனிடம் போயிருப்பாள் என்று நினைப்பீர்கள். போகவில்லை. படத்தைத் தூக்கிக்கொண்டு கத்தரியிடம் போனாள். கதவு மூடிவிடுமோ என்ற பயம் அப்படி.

கத்தரி ரெண்டு ஃபோனை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே பாதிப் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். குளம் நன்றாக இருக்கிறது, பேய் எழுந்து வருவது பரவாயில்லை என்றார். கடைசிக் காட்சியில் அவர் முகம் கோணியது. இது பேயா நர்ஸா என்று கேட்டார். பயமுறுத்தச் சொன்னால் தாலாட்டிக்கொண்டிருக்கிறது, தூக்கி அந்தக் கல்லில் தொப்பென்று போடச் சொல், மறுபடி எடுத்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் உன் கதை இந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது என்றார். அவளுக்குத் தொண்டை வரைக்கும் பதில் வந்தது. வாயைத் திறந்தபோது, சரி சார் என்றுதான் வந்தது.

அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்த அண்ணி அவளை வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்த மனுஷன் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, என்ன நடந்தது என்றால் ஒன்றுமில்லை என்கிறார், குளிக்கப் போனால் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார், பெத்த பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைக்கும், உன் பேய்க்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று மூச்சு விடாமல் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, சாப்பிட்டியா என்றும் அவளே கேட்டாள்.

அண்ணன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் அவள் வந்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"போடக் கத்துக்கிட்டேன் பாப்பா. தலகாணியை வெச்சுப் போட்டுப் போட்டுப் பாத்தேன். எப்போ எடுக்கணும்னு மட்டும் சொல்லு, இந்தத் தடவை சரியா போட்டுடறேன்."

பார்த்தால் கட்டில் ஓரத்தில் தலையணை ஒன்று பஞ்சு பிதுங்கிக் கிடந்தது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாளைக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணி வைத்ததைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் படப்பிடிப்பு மேனேஜர் யார் கையையோ காலையோ பிடித்துக் குளத்தை இன்னொரு நாளுக்கு வாங்கியிருந்தார். கல்லுக்குப் பக்கத்தில், கேமராவில் தெரியாத மாதிரி மெத்தை போட்டாயிற்று. அண்ணன் உடுப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். கதாநாயகியைத்தான் காணோம். அவளுடைய சீரியலில் இன்னும் அழுது முடிக்கவில்லையாம். வெயில் ஏறுவதற்குள் வெளிச்சம் பார்த்து வைத்துவிடலாம் என்று கேமராமேன் அவசரப்பட்டார். அதற்கு யாரையாவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு யூனிட்டில் யார் கையில் அகப்படுகிறார்களோ அவர்களை நிற்க வைப்பதுதான் வழக்கம். கதாநாயகியின் எடைக்குக் கிட்டத்தட்ட இருந்தது டைரக்டரம்மா ஒருத்திதான்.

பாசிக்காரன் அவளைத் தூக்கினான். தூக்கும் முன், தூக்கறேன் பாப்பா என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கினான். குளத்தின் ஓரமாக ஒரு சுற்று நடந்தார்கள். கேமராமேன் வெயிலைத் திருப்பும் தகரத் தட்டியை மாற்றிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு ரவுண்டு என்றார். பசை நாற்றமும் ஈர ஸ்பாஞ்சு நாற்றமும் மூக்கில் ஏறின. கழுத்துக்கு அடியில் அந்தக் கை இருந்தது. தன் தலைக்கு இவ்வளவு கனம் இருந்ததா, இத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டா திரிந்தோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முகமூடிக்கும் அவள் காதுக்கும் ஒரு சாண்கூட இல்லை. யூனிட்டுக்கு ஒன்றும் கேட்காது.

"அம்மாவை நீதான் தூக்கினியாண்ணா?"

அண்ணன் அவளைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துக்கொண்டார். "வேற ஆளுதான் வந்தான். நான் விடல" என்றார்.

"கனமா இருந்தாளா?"

"அம்மா எங்க கனம்? போர்வைதான் கனம்." காலால் தரையைத் தடவி, பெயர்ந்த ஓடு ஒன்றைத் தாண்டினார். "கண்ணுதான் மூடல பாப்பா. வாசலைப் பாத்த மாதிரியே இருந்துச்சு. பாப்பா வந்துட்டே இருக்கா, வண்டி ஏறிட்டா, நீ தூங்கும்மா, வந்ததும் எழுப்பறேன்னு சொல்லித்தான் மூடிவிட்டேன். பொய்தான் சொன்னேன். அப்போ உனக்கு இன்னும் தகவலே சொல்லல."

 மெத்தைப் பக்கம் வந்துவிட்டார்கள். கேமராமேன் அங்கிருந்து, போடறதை ஒரு தடவை பாத்துக்கலாம் சார் என்று குரல் கொடுத்தார். அண்ணனின் கை இறுகியது. அவர் பல்லைக் கடிப்பது முகமூடிக்கு வெளியே கேட்டது. கற்றுக்கொண்டு வந்த பாடத்தைத் தங்கைக்காகச் செய்தே தீருவது என்று நின்றார், பாவம்.

"போடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்ண்ணா. வெய்யி."

அவர் மெத்தையைத் தாண்டிப் போய் அவளைக் கல்லின்மேல் வைத்தார். கழுத்திலிருந்து கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார். முடியை ஒதுக்கினார். கால், வலது கை, இடது கை. கடைசியில் ஸ்பாஞ்சு விரல் ரெண்டும் அவளுடைய இமைமேல் வந்தபோது அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள். லைட்மேன் அடிபட்டுவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார். அவள் எழுந்து உட்கார்ந்து, அந்தப் பச்சைக் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றாள்.

"என்னைக்கு?" என்றார் அண்ணன். மறக்கிற ஆள் இல்லை அவர். மறந்த மாதிரி இருக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு ஷாட்டும் எடுக்கவில்லை. கதாநாயகியை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். கையைப் பிசைந்துகொண்டு நின்ற மேனேஜரைத் தாண்டிப் போய், அவளே கத்தரிக்கு ஃபோன் போட்டாள். காட்சியை மாற்றப் போவதில்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். உடுப்புக்குள் இருப்பது என் கூடப்பிறந்த அண்ணன், ஆஸ்பத்திரியில் வார்டு பாய், மனுஷரை அவர் அப்படித்தான் வைப்பார், பாசிக்காரன் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வான் என்று இத்தனை காலமாக யாருக்கும் தெரியாது, என் படத்தில் அவன் இதைத்தான் செய்வான் என்றாள். அந்தப் பக்கம் கத்தரி கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற மேனேஜருக்கே முகம் வெளிறியது. வெள்ளிக்கிழமைக்குப் போட வேறு படம் கையில் இல்லை, விளம்பரமெல்லாம் வாங்கியாயிற்று, அதனால் இந்தக் கண்றாவியையே போட்டுத் தொலைக்கிறேன், அதற்கு மேல் உன் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று. அவளுக்கு வருத்தம் இல்லையா என்றால் இருந்தது, நிறையவே இருந்தது. திரும்பவும் காருக்கு வெளியே நின்று கண்ணாடி தட்ட வேண்டும். ஆனாலும் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் அண்ணன் வீட்டில் படம் பார்த்தார்கள். அண்ணி முதல் பாதி முழுக்கச் சிரித்தாள். ஜிப் தெரிந்த ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, என்னங்க, உங்க பேய் டெய்லரிடம் போய்வந்திருக்கிறது என்றாள். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சி வந்தபோது அண்ணியின் சிரிப்பு நின்றுபோயிற்று. எழுத்துகள் ஓடி, விளம்பரம் வந்தது. அப்புறம், நான் முந்திக்கொண்டு போனால் என்னையும் இப்படித்தான் வைக்க வேண்டும், வேறு எவன் கையையும் படவிடக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன் என்றாள். சீ, சும்மா இரு என்றார் அண்ணன்.

டைரக்டரம்மா அன்றைக்கு அங்கேயே படுத்துக்கொண்டாள். காலையில் பல் தேய்க்கிற நேரத்தில் ஃபோன் அடித்தது. கத்தரி. சாமான்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று வாயைக் கொப்பளித்துவிட்டு, எதற்கும் தயாராக எடுத்தாள். அவர் கத்தவில்லை. படம் பாத்தேன், முழுசா உக்காந்து பாத்தேன் என்றார்.  அடுத்தது திட்டுதான் என்று அவள் ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"எங்கம்மாவை ஆஸ்பத்திரில வெச்சிருக்கோம்மா. இனிமே ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஸ்கேன் எடுக்கப் போகும்போது நாலு பேரு சேந்து தூக்குவாங்க, பாக்க முடியாது. வலிக்குதுன்னு சொல்லக்கூட மாட்டா, என் கையைத்தான் பிடிச்சுக்குவா. நாங்க இருக்கறது மாடில, லிஃப்டு கிடையாது." அவருடைய இன்னொரு ஃபோன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. "உங்க அண்ணன் வருவாராம்மா?"

 ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தை அண்ணனிடம் சொன்னாள். திட்டினாரே அவரா என்று அண்ணி கேட்டாள். அண்ணன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாடிப்படி அகலமா, குறுகலான்னு கேளு" என்றார்.

அவள் கேட்டாள். கத்தரிக்குத் தெரியவில்லை. தினம் ஏறி இறங்குகிற படிதான், ஒரு நாளும் பார்த்ததில்லை. இரும்மா, பாத்துட்டு வரேன் என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. படியில் ஒரு ஆள் நின்று மூச்சுவிடுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, குறுகல்தாம்மா, ரெண்டு பேரு சேந்து திரும்ப முடியாது என்றார். 

அவள் சொன்னாள். அண்ணன் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நிமிர்ந்தார்.

"அதனால என்ன? நான் ஒருத்தனே தூக்கிட்டு வந்துடறேன்னு சொல்லு."